நான் எழுந்து போன நேரங்கள்

நான் சிகரெட்டை விட்டு நான்கு ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இதைக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் "எப்படி விட்டீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள், எதற்காக விட்டீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. உடம்புக்குக் கெடுதல் என்பதால் விட்டிருப்பார் என்று அவர்களே முடிவு செய்துகொள்கிறார்கள். ஆனால் உடம்புக்குக் கெடுதல் என்பது நான் புகைத்த 19 ஆண்டுகளும் எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டேதான் நாளொன்றுக்கு 16 சிகரெட் பிடித்தேன். எனவே அந்தக் காரணம் என்னை விட வைக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விட வைத்தது எது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்து நான்காம் நாள். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அறைக்கு மாற்றியிருந்தார்கள். இரவுத் துணைக்கு நான் இருந்தேன். இரண்டு மணிக்கு அம்மா நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, செருப்பின் ஓசை கேட்காதபடி அதைக் கையில் எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே வந்தேன். மருத்துவமனை வளாகத்துக்குள் புகைக்க முடியாது என்பதால் லிஃப்டில் இறங்கி, வாயிலைக் கடந்து, சாலையோரம் நின்று ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தேன். ஒன்று போதவில்லை, இரண்டாவதையும் பிடித்துவிட்டுத் திரும்பினேன். போய்வர இருபது நிமிடங்களுக்கு மேல் ஆகியிருக்காது. அறை வாசலில் நின்றிருந்த செவிலியர், குரலைத் தாழ்த்தி, "சார், அம்மா முழிச்சு உங்களைத் தேடினாங்க. நான்தான் தண்ணி கொடுத்துத் தூங்க வெச்சேன்" என்றார்.

நான் உள்ளே போனேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை படுக்கையின் ஓரத்தைத் தாண்டி, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பக்கமாக நீண்டு கிடந்தது. விரல்கள் லேசாக மடங்கியிருந்தன. அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் என் விரல்களில் சிகரெட் வாடை இருந்ததால் முதலில் கை கழுவப் போனேன். குழாயடியில் நின்றுகொண்டு சோப்பை இரண்டாம் முறை தேய்த்தபோதுதான், அம்மாவின் கையைத் தொடுவதற்கு முன் நான் என்னைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய நிலையில் இருக்கிறேன் என்பது உறைத்தது.

அந்த இரவில் எந்தத் துயரமும் நிகழ்ந்துவிடவில்லை. அம்மா தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் காலையில், "ராத்திரி எதுக்கும்மா தேடினீங்க?" என்று கேட்டபோது அவருக்கு நினைவே இல்லை. எதையோ கேட்பதற்காக அவர் என்னைத் தேடியிருக்கிறார், அது என்னவென்று இனி ஒருபோதும் தெரியப்போவதில்லை. அது மிகச் சிறிய விஷயமாகக்கூட இருந்திருக்கலாம். இருந்தாலும், அவருடைய பக்கத்தில் இருப்பதற்காகவே அங்கே தங்கியிருந்த நான், அவர் தேடிய நேரத்தில் அங்கே இல்லை. இது என் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது.

வீடு திரும்பிய பிறகு ஒரு காரியம் செய்தேன். சட்டைப்பையில் ஒரு சிறிய குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, சிகரெட் பிடிக்க எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் மணியையும், அப்போது எதை விட்டு எழுந்து போகிறேன் என்பதையும் ஒரு வாரம் எழுதினேன். எண்ணிக்கையைக் குறைப்பது அப்போது என் நோக்கமல்ல. பார்க்க வேண்டும் என்று மட்டுமே நினைத்தேன். அந்தக் குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. "8.10, மகள் வரைந்த படத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள்." "1.35, சாப்பாட்டு மேசையில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தார்கள்." "6.50, மனைவி ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், வந்து கேட்கிறேன் என்றேன்." "9.20, அம்மாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம், மகளைக் கொடுக்கச் சொன்னேன்." இவ்வாறு ஏழு நாட்களில் 112 வரிகள். ஒருமுறை போய்வர எட்டு நிமிடம் என்று வைத்தால்கூட வாரத்துக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் நான் எங்கேயோ ஒரு மாடிப்படியிலோ சுவரோரத்திலோ தனியாக நின்றிருக்கிறேன். மனைவி சொல்ல ஆரம்பித்ததை நான் வந்து கேட்டேனா என்பது குறிப்பேட்டில் இல்லை. கேட்டிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

இதற்கு முன்பும் நான் விட முயன்றதுண்டு. ஒருமுறை, உடன் வேலை செய்தவர் மாரடைப்பில் விழுந்தபோது பயந்துபோய் நிறுத்தினேன். பயம் பதினொரு நாட்களில் தணிந்துவிட்டது. இன்னொரு முறை மனைவிக்குச் சத்தியம் செய்துகொடுத்தேன். அது இன்னும் மோசமாக முடிந்தது, ஏனென்றால் சத்தியத்தை மீறிய நாளிலிருந்து புகைப்பதோடு மறைப்பதும் சேர்ந்துகொண்டது. மிட்டாய் மெல்லுவது, வீட்டுக்குள் நுழைந்ததும் யாரிடமும் பேசாமல் குளியலறைக்குள் போவது, முகம் கொடுத்துப் பேசாமல் பக்கவாட்டில் திரும்பிக்கொள்வது என்று ஓராண்டு கழிந்தது. அடுத்தவருக்காக விடுவதாகச் சொல்லும்போது, அந்த அடுத்தவரே நமக்குக் காவலாளியாக மாறிவிடுகிறார். அவரிடமிருந்து தப்பிப்பதே பிறகு நமக்கு வேலையாகிவிடுகிறது. அன்பின் பேரில் இப்படிச் சத்தியம் வாங்குகிறவர்களிடம் நான் பணிவோடு வேண்டிக்கொள்வது, தயவுசெய்து வாங்காதீர்கள் என்பதே.

மரணத்தைப் பற்றிய எண்களும் என்னை அசைக்கவில்லை. ஆனால் அவை பொய்யான எண்கள் அல்ல. பிரிட்டனில் ரிச்சர்ட் டால், ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற இரு ஆய்வாளர்கள் 1950இல் நுரையீரல் புற்றுநோயாளிகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, சிகரெட்டுக்கும் அந்நோய்க்கும் உள்ள உறவை வெளிப்படுத்திய முன்னோடி ஆய்வுகளில் ஒன்று. அந்த ஆய்வின் முடிவுகளைப் பார்த்த டால் தாமே புகைப்பதை நிறுத்திவிட்டார். பிறகு 1951இல் தொடங்கி பிரிட்டிஷ் மருத்துவர்களை அரை நூற்றாண்டுக் காலம் தொடர்ந்து கவனித்தார்கள். அதன் முடிவுகள் 2004இல் வெளிவந்தன. வாழ்நாள் முழுவதும் புகைப்பவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் முன்னதாக இறந்துபோகிறார்கள் என்றும், 60 வயதில் விட்டவர்கள் அதில் மூன்று ஆண்டுகளையும், 50இல் விட்டவர்கள் ஆறு ஆண்டுகளையும், 40இல் விட்டவர்கள் ஒன்பது ஆண்டுகளையும், 30இல் விட்டவர்கள் ஏறக்குறையப் பத்து ஆண்டுகளையும் மீட்டுக்கொள்கிறார்கள் என்றும் அது காட்டியது. ஓர் எண் அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தன் வாழ்க்கையை மாற்றிக்கொள்ள முடிந்த டாலை நான் மனமார மதிக்கிறேன். என்னால் அது முடியவில்லை. அந்தப் பத்து ஆண்டுகள் என் கண்ணுக்கு எட்டாத தொலைவில், எழுபது வயதுக்கு அப்பால் எங்கேயோ இருந்தன. அம்மா என்னைத் தேடிய இருபது நிமிடம் அப்படியல்ல; அது நேற்றிரவு நடந்தது, நாளை இரவும் நடக்கக்கூடியது.

2024இன் இறுதியில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள்: ஒரு சிகரெட் சராசரியாக 20 நிமிட ஆயுளைக் குறைக்கிறது என்பது அவர்களின் மதிப்பீடு. அதைப் படித்தபோது நான் ஏற்கெனவே விட்டிருந்தேன். ஆனாலும் குறிப்பேட்டை எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் 37 மணி நேரத்துக்கு மேல் வந்தது. நான் விலகிப்போய் நின்ற 15 மணி நேரம் இதில் சேரவில்லை.

மனம் அமைதிப்படுவதற்காகத்தான் புகைக்கிறேன் என்று நானும் பல ஆண்டுகள் உறுதியாக நம்பினேன். புகையை இழுத்த சில நொடிகளிலேயே புகையிலையில் உள்ள நிகோடின் மூளையைச் சென்றடைந்து, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கச் செய்கிறது. பிறகு உடம்பில் நிகோடினின் அளவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. குறையக் குறைய எரிச்சல், பரபரப்பு, கவனச்சிதறல் எல்லாம் தலைதூக்குகின்றன. அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்ததும் அவை அடங்குகின்றன. அதைத்தான் நான் அமைதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முந்தைய சிகரெட் உண்டாக்கிவிட்டுப் போன தவிப்பைத்தான் அடுத்த சிகரெட் தணித்துக்கொண்டிருந்தது. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, தொடர்ந்து புகைப்பவர்களோடு ஒப்பிட்டால், புகைப்பதை விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைகின்றன என்று கண்டது. அம்மாவின் படுக்கையருகே இரண்டு மணிக்கு என்னை எழுப்பி வெளியே அனுப்பியது கவலை என்றுதான் அன்று எண்ணினேன். மாலையில் பிடித்த கடைசி சிகரெட்டுக்குப் பிறகு கழிந்துபோன மணிநேரங்கள்தான் என்னை எழுப்பின என்பது பிறகுதான் புரிந்தது.

இது புரிந்த பிறகு, விட வேண்டும் என்ற எண்ணம் ஒரு தியாகமாகத் தோன்றவில்லை. எதையோ இழக்கப்போகிறேன் என்ற வருத்தம்தான் முந்தைய முயற்சிகள் எல்லாவற்றிலும் என்னைத் தோற்கடித்தது. இந்த முறை எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் எப்போது முடிப்பார், நான் எப்போது எழுந்து போகலாம் என்று உள்ளுக்குள் கணக்கிடாமல், பேசுவதைக் கேட்க வேண்டும்.

மன உறுதி மட்டும் போதும் என்று நான் இருந்துவிடவில்லை. மருத்துவரைப் பார்த்தேன். தோலில் ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையும் நிகோடின் சூயிங்கமும் பரிந்துரைத்தார். இத்தகைய மாற்றுச் சிகிச்சை வெற்றி வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்காக உயர்த்துகிறது என்பது பல ஆய்வுகளில் தெளிவான உண்மை. காபியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். புகையில் உள்ள பொருள்கள் கல்லீரலைத் தூண்டிக் காஃபினை வேகமாக வெளியேற்றுவதால், புகைப்பதை விட்டதும் அதே அளவு காபி உடம்பில் கூடுதல் நேரம் தங்கிப் படபடப்பைத் தரும் என்றார். முந்தைய முயற்சிகளில் எனக்கு வந்த நடுக்கத்தில் பாதி காபியால் வந்தது போலும்.

முதல் மூன்று நாட்கள்தான் மிகக் கடினம். இரண்டாம் நாள் மாலை ஒரு சாதாரண பேனா மூடி கிடைக்கவில்லை என்பதற்காக மகளிடம் கத்திவிட்டேன். பிறகு அவளை அழைத்து உட்காரவைத்து, எனக்கு என்ன நடக்கிறது என்பதைச் சொன்னேன். எட்டு வயதுக் குழந்தைக்கு இது புரியுமா என்ற தயக்கம் இருந்தது. அவள் முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தனை நிமிஷம் இருக்கும்ப்பா அந்த மாதிரி?" என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு நிமிடம் இருக்கும், பிறகு தானாகப் போய்விடும் என்றேன். அன்று முதல் என் முகம் மாறுவதைக் கண்டால் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்ப்பாள். அவளிடம் நான் சத்தியம் எதுவும் செய்யவில்லை, அவளும் கேட்கவில்லை. அந்த மூன்று நிமிடங்கள் கடக்கும்வரை இருவரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

நான்கு வாரங்களில் தவிப்பு பெருமளவு அடங்கியது. உடல் எடை கொஞ்சம் கூடியது; இருமல் சில நாட்கள் அதிகமாகிப் பின் நின்றது. ஓரிரு நாட்களிலேயே இரத்தத்திலிருந்து கார்பன் மோனாக்சைடு நீங்கிவிடும் என்கிறார்கள். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்புள்ள வாயு அது. அது வெளியேறிய பிறகு மாடிப்படி ஏறும்போது மூச்சில் தெரிந்த வேறுபாடு கற்பனையல்ல. இவையெல்லாம் நல்லவைதான், ஆனால் இவற்றுக்காக நான் விடவில்லை என்பதால் இவற்றைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை.

ஒருமுறை தவறினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்தாம் மாதம், ஒரு துக்கத்துக்குப் பிறகு நண்பர்கள் கூடியிருந்த இடத்தில், நீட்டப்பட்ட சிகரெட்டை வாங்கிப் பாதி புகைத்தேன். வீட்டுக்கு வந்ததும் பழைய குறிப்பேட்டை எடுத்து, தேதியிட்டு, "10.15, நண்பன் தன் தந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்" என்று எழுதினேன். 113ஆவது வரி அது. அதற்குப் பிறகு அதில் எதுவும் எழுதவில்லை.

கடந்த மாதம் அம்மாவை மறுபரிசோதனைக்கு அழைத்துப் போனேன். அதே மருத்துவமனை. மருத்துவர் வரத் தாமதமானதால் மூன்று மணி நேரம் வரிசை நாற்காலிகளில் காத்திருந்தோம். அம்மா தன் பள்ளி நாட்களைப் பற்றி, நான் இதுவரை கேட்டிராத ஒரு கதையை நடுநடுவே நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்குமுன் களைத்துப்போய் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். அவர் கை என் கையின் மேல் இருந்தது. விழித்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டு, "எங்க விட்டேன்?" என்று கேட்டார். டீச்சர் உங்களை எழுந்து நிற்கச் சொன்ன இடம்மா என்றேன். அவர் அங்கிருந்து தொடர்ந்தார்.