கல்வெர்ட்டுக்குள் ஓடையைக் கட்டுவது

சாலைக்கு அடியில் ஓடையைக் கடத்திவிடும் கல்வெர்ட்டின் டிசைன் என்றதும் நமக்குப் பழகிய கேள்வி ஒன்றுதான்: கணக்கில் எடுத்த வெள்ளம் குழாய்க்குள் அடங்குமா? அடங்கினால் விட்டம் முடிவாகிவிடும். ஓடை 3 மீட்டர் அகலம், குழாய் 1.2 மீட்டர். தண்ணீர் போய்விடும், மீன் ஏறாது.

ஏன் ஏறாது என்பது குழாயின் கீழ்வாயில் நின்று பார்த்தாலே தெரியும். நெருக்கப்பட்ட நீர் வேகமெடுத்து வாயருகே மண்ணைப் பறிக்கிறது. நாளடைவில் அங்கே மடு விழுந்து குழாய் அந்தரத்தில் நிற்கும். 15 செ.மீ. உயரம் போதும், குஞ்சு மீனுக்கு அது மதில். எப்படியோ உள்ளே தாவிய மீனுக்கும் விடிவு இல்லை. தம் பிடித்து நீந்தினால் நொடிக்குத் தன் நீளத்தைப் போல் சுமார் 10 மடங்கு தூரம் போகும், அதுவும் சில நொடிகளுக்குத்தான். 5 செ.மீ. மீனுக்கு அது அரை மீட்டர். வழுவழுப்பான கான்கிரீட் குழாயில் நீர் நொடிக்கு 1 மீட்டர் ஓடுவது சர்வசாதாரணம். ஒதுங்கி நிற்க ஒரு கல்லும் கிடையாது. நீர் வற்றும் காலத்தில் அதே குழாயில் மீனின் முதுகு நனையாது.

ஆகவே அளக்க வேண்டியது ஓடையை; அதே அகலம், வாட்டம், கல்லோடு கல்வெர்ட்டுக்குள்ளும் ஓர் ஓடைப்படுகை அமைப்பதுதான் வழி. பழைய குழாயின் பாதிப்பு இல்லாத இடமாகப் பார்த்து, கரை தளும்பும் அகலத்தை (நீர் கரை விளிம்பைத் தொடும்போது ஓடைக்கு இருக்கும் அகலம்) குறைந்தது ஐந்து இடங்களிலாவது எடுக்க வேண்டும். கல்வெர்ட்டின் அகலத்துக்கு அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் புழங்கும் சூத்திரம் எளிது: அந்த அகலத்தின் 1.2 மடங்கு, அதோடு 0.6 மீட்டர். 3 மீட்டர் ஓடைக்கு 4.2 மீட்டர் வருகிறது. வாட்டம் பார்க்க, கரை அகலத்தைப் போல் 20 மடங்கு தூரத்துக்காவது மேலும் கீழும் லெவல் எடுப்பது நல்லது. இதில் சோம்பல் பட்டால் வம்பு பின்னால் வரும்: பழைய குழாய்க்கு மேலே பல வருடமாகத் தேங்கிய வண்டல், குழாயை எடுத்ததும் அரித்துக்கொண்டே மேல்நோக்கிப் போகும்.

வட்டக் குழாய் என்றால் உயரத்தில் 30 முதல் 50 சதவீதம் தரைக்குள் புதைந்திருக்க வேண்டும். அடிப்பக்கம் திறந்த வளைவு என்றால், மண்ணரிப்பு எட்டாத ஆழத்தில் அஸ்திவாரம்.

பெரும்பாலும் கோட்டை விடுவது உள்ளே நிரப்பும் கல்லில்தான். ஓடையில் 100 கற்களைக் கண்ணை மூடிப் பொறுக்கி அளந்து, அதே விகிதத்தில் கலவை கேட்டால், குவாரியிலிருந்து சலித்துக் கழுவிய ஜல்லி வந்து இறங்கும். பார்க்க அழகாக இருக்கும். தண்ணீர் விட்டதும் இடுக்கு வழியே அடியில் இறங்கி, மேலே காய்ந்த கல் மட்டும் மிஞ்சும். கலவையில் 5 முதல் 10 சதவீதம் மணலும் வண்டலும் கட்டாயம் வேண்டும். 30 செ.மீ. அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் பொடியைத் தூவி, ஹோஸ் பிடித்து இடுக்குகளில் இறக்க வேண்டும். ஊற்றிய நீர் உள்வாங்காமல் மேலேயே ஓடினால்தான் அடுத்த அடுக்கு. மெனக்கெட்ட வேலைதான், மேஸ்திரி முகம் சுளிப்பார். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

இரு சுவரோரமும் பெரிய கற்களால் கரை கட்டி, நடுவே சற்றுத் தாழ்ந்த வாய்க்கால் விட வேண்டும். தட்டையாக விட்டால் நீர் சுவருக்குச் சுவர் பரவிவிடும், இல்லையேல் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி அங்கே அரிக்கும்.

செலவு அதிகம் என்ற பேச்சு எப்போதும் எழும். 2011-இல் ஐரீன் புயல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் எத்தனையோ கல்வெர்ட்டுகளைப் பெயர்த்தபோது, கிரீன் மவுண்டன் தேசிய வனத்தில் இம்முறையில் கட்டியவை தாக்குப்பிடித்தன. மீனுக்காக விட்ட அகலத்தில்தான் அங்கே மரக்கட்டையும் கல்லும் அடைக்காமல் போயின.

முதல் வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும். சிறு கற்கள் இடம் மாறியிருந்தால் பதறிக் கான்கிரீட் ஊற்றக் கூடாது; ஓடையில் கல் நகரத்தான் செய்யும். கரைக்கல் புரண்டிருந்தாலோ, கீழ்வாயில் படி விழத் தொடங்கியிருந்தாலோதான் ஆளைக் கூப்பிட வேண்டும்.