விளையாட்டுக் காசுக்கு நிஜக் காசு

நேற்று இரவு ஒரு புதிய பிளாக்செயினில் சின்னதாக ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (அதன் மேல் ஓடும் நிரல்) ஏற்றிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். பெயர் வேண்டாம். டெவலப்பர்களுக்கு மானியம், ஹாக்கத்தான் பரிசு என்று ஓயாமல் அறிவிக்கிறார்கள். சரி, போய்ப் பார்ப்போமே.

நிரல் எழுத 20 நிமிடம்தான். அதை டெஸ்ட்நெட்டில், அதாவது சோதனைக்கான நெட்வொர்க்கில், ஏற்றக் கட்டணம் வேண்டும். அதற்கான மதிப்பில்லாத டோக்கனைத் தரும் ஃபாசெட் என்ற இணையப் பக்கமோ, 'முதலில் உங்கள் மெயின்நெட் (நிஜக் காசு புழங்கும் நெட்வொர்க்) வாலட்டில் இருப்பு வேண்டும்' என்றது. தானியங்கி பாட்கள் டோக்கனை அள்ளாமலிருக்கப் போட்ட பூட்டு, புரிகிறது. ஆனாலும் விளையாட்டுக் காசு வாங்க நிஜக் காசைக் காட்ட வேண்டுமாம்!

அப்புறம் அவர்களுடைய வழிகாட்டிப் பக்கம். எத்தீரியம் என்ற பிளாக்செயினின் கோயர்லி டெஸ்ட்நெட்டிலிருந்து டோக்கனை மாற்றிக்கொள்ளச் சொல்கிறது. கோயர்லிக்கு 2024-லேயே மூடுவிழா நடந்துவிட்டது.

இத்தனைக்கும் இது ஈவிஎம் செயின், அதாவது எத்தீரியத்துக்கு எழுதிய நிரல்கள் ஓடக்கூடிய வகை. எத்தீரியம் 2015-இல் வந்ததிலிருந்து சேர்ந்த சாலிடிட்டி மொழி ஆட்கள், பழகிய ஹார்ட்ஹாட் கருவியோடும் மெட்டாமாஸ்க் வாலட்டோடும் அப்படியே உள்ளே வரலாம். பலர் ஈவிஎம்மைத் தேர்ந்தெடுப்பதே அதற்குத்தான். ஈவிஎம் அல்லாத சோலானாவுக்குப் போனால் ரஸ்ட், சூயி என்றால் மூவ் என்று மொழியிலிருந்தே தொடங்க வேண்டும். இவர்களுக்கு அந்தச் சுமைகூட இல்லை. வாசல் படியைத்தான் சரியாகக் கட்டவில்லை.

கடைசியில் அவர்களுடைய டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் கேட்டேன். யாரோ ஒருவர் டோக்கன் அனுப்பி, நான் தப்பாகப் போட்டிருந்த ஆர்பிசி முகவரியையும் (பிளாக்செயினோடு இணைக்கும் சர்வர் முகவரி) திருத்திக் கொடுத்தார். நன்றி சொல்லி, "எந்த டீம்?" என்றேன். அவரும் போன வாரம்தான் வந்தாராம், இதே ஃபாசெட்டில் சிக்கி.