ஹேமடைட் முகத்தில் எத்தனை மில்லிவோல்ட்?

மார்ச் 3
தண்ணீரைத் தொடும் ஹேமடைட் (இரும்பு ஆக்சைடு கனிமம்) பரப்பில் எவ்வளவு மின்னழுத்தம் என்று அளக்கப் போகிறேன். படிகத்தை எபாக்ஸிப் பிசினில் பதித்தாயிற்று. ஒரே ஒரு முகம்தான் வெளியே இருக்கிறது. தண்ணீரைத் தொட வேண்டியது அது மட்டும்தான். முதுகுப்பக்கம் வெள்ளிப் பசை தடவிச் செம்புக் கம்பி ஒட்டியிருக்கிறேன். ஹேமடைட் குறைகடத்தி என்பதால் படிகத்தையே மின்முனையாக்க முடிகிறது. குவார்ட்ஸ் மின்காப்பான், அதில் இந்த வழி செல்லாது.

மார்ச் 4
ஜீட்டா மின்னழுத்தத்தை அளந்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். எனக்குப் போதாது. ஜீட்டா என்பது பரப்பிலிருந்து சற்றுத் தள்ளி, நீர் வழுக்கத் தொடங்கும் இடத்து மின்னழுத்தம். அங்கே போவதற்குள் கரைசலிலுள்ள எதிர் மின்னூட்ட அயனிகள் பரப்பின் மின்னூட்டத்தைப் பெரிதும் மறைத்துவிடுகின்றன. எனக்கு வேண்டியது படிகத்தின் தோலிலேயே இருக்கும் மின்னழுத்தம்.

மார்ச் 6
நைட்ரஜன் குமிழ் விட்டு, காற்றின் கார்பன் டை ஆக்சைடை விரட்டிவிட்டு, அமிலப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விழுந்ததும் மில்லிவோல்ட் சட்டென்று இறங்குகிறது. அப்புறம் கடைசி இலக்கம் மட்டும் வெகுநேரம் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. அது அடங்கும்வரை அடுத்த சொட்டு கிடையாது. அவசரப்பட்டு எடுத்த எண்ணை நான் நம்பமாட்டேன்.

அயனிச் செறிவிலிருந்து மின்னழுத்தத்தைச் சொல்லும் நெர்ன்ஸ்ட் கணக்குப்படி, 25 டிகிரியில் பி.எச். (அமில-கார அளவு) ஒன்று ஏறினால் 59 மில்லிவோல்ட் இறங்க வேண்டும். இங்கே சரிவு அதைவிடக் குறைவு. அப்படித்தான் இருக்கும்: புரோட்டானை ஏற்பதும் விடுவதும் பரப்பிலுள்ள ஹைட்ராக்சில் குழுக்கள்; பி.எச். மாற மாற மின்னூட்டம் பெற்ற குழுக்களின் எண்ணிக்கையும் மாறுகிறது. வெள்ளி அயோடைடில் படிகத்தின் சொந்த அயனிகளே அழுத்தத்தை நிர்ணயிப்பதால், அது நெர்ன்ஸ்ட் கோட்டை ஒட்டியே போகிறது.

மார்ச் 7
நைட்ரிக் அமிலம் விட்டுத் திரும்பி வந்தேன். போன பாதையில் வளைகோடு திரும்பவில்லை. ஆக்சைடு படிகங்களில் இது தெரிந்த சங்கதிதான். ஆனாலும் இரண்டு கோடுகளையும் சேர்த்தே வெளியிட வேண்டும் என்பது என் கட்சி. ஒன்றை மட்டும் காட்டினால் படிகத்தின் பாதிக் கதைதான் தெரியும்.

மார்ச் 10
இன்று சுழியைப் பிடிக்கும் வேலை. மீட்டர் காட்டும் எண்ணில், ஒப்பிடுவதற்காகக் கரைசலில் வைத்த இன்னொரு மின்முனையின் பங்கும் இணைப்புகளின் பங்கும் கலந்திருக்கின்றன. அவற்றைக் கழிக்காமல் பரப்பின் அழுத்தம் கிடைக்காது. வெவ்வேறு பி.எச்.சில் பொட்டாசியம் நைட்ரேட்டைக் கூட்டிப் பார்த்தேன். உப்பு ஏறினால் பரப்பை மறைக்கும் அயனித் திரை இறுகி, பரப்பு அழுத்தம் சுழியை நோக்கி நகரும். எந்த பி.எச்.சில் உப்பு ஏறியும் எண் அசையவில்லையோ, அங்கே அழுத்தம் சுழி. அந்த இடம் கிடைத்துவிட்டது. அங்கே மீட்டர் காட்டிய எண்ணை மீதி எண்களிலிருந்து கழித்து எழுதியாயிற்று.

அடுத்து அதே ஹேமடைட்டின் வேறொரு முகம். படிகத்துக்குப் பதில் தூளை அளந்தால் எல்லா முகங்களும் கலந்து சராசரிதான் வரும். முகத்துக்கு முகம் அணுக்களின் அடுக்கு வேறு. படிகத்தை வெட்டக் கொடுத்திருக்கிறேன்.