ஆள்-மாதக் கணக்கு: வாசிப்புக் குறிப்புகள்

2025 பிப்ரவரி 3, திங்கள்

ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்துக்கான வாசிப்பை இன்று தொடங்கினேன். ஒரு மென்பொருளை எழுதி முடிக்க எவ்வளவு உழைப்பு (ஒருவர் ஒரு மாதம் செய்யும் வேலை ஓர் ஆள்-மாதம்) பிடிக்கும் என்பதை மெஷின் லேர்னிங் கொண்டு முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் விஷயம். 2012-இல் வென் குழுவினர் வெளியிட்ட தொகுப்பாய்வு மட்டுமே 1991 முதல் 2010 வரை வந்த 84 ஆய்வுகளை அலசுகிறது. அதற்குப் பிறகு வந்தவை இன்னொரு குவியல்.

பேப்பரைத் திறந்ததும் முதலில் டேட்டாசெட் பகுதிக்குப் போகிறேன். பெரும்பாலும் அதே பெயர்கள்தான். பாரி போம் 1981-இல் கோகோமோ என்ற உழைப்பு மதிப்பீட்டு மாடலுக்குப் பயன்படுத்திய 63 புராஜெக்ட்கள். கெமரர் என்ற ஆய்வாளர் திரட்டிய 15. ஆல்பிரெக்ட் திரட்டிய 24. நியூரல் நெட்வொர்க் பழகுவதற்கு 15 வரிசைகள்!

2025 பிப்ரவரி 6, வியாழன்

டெஷார்னே டேட்டாவை இறக்கி, அட்டவணையின் ஒவ்வொரு பத்தியாக (column) பார்த்தேன். ழான்-மார்க் டெஷார்னே 1989-இல் மான்ட்ரியலில் முதுகலை ஆய்வுக்காகத் திரட்டியது. 81 புராஜெக்ட்கள், அதில் நான்கில் சில கட்டங்கள் காலி. எல்லாமே 1980-களின் வேலை. கோபால் (COBOL) என்ற பழைய நிரல்மொழிக் காலத்து உழைப்பை வைத்துக்கொண்டு இன்றைய மொபைல் செயலிக்கு எவ்வளவு ஆகும் என்று எப்படிச் சொல்வது?

அதில் புராஜெக்ட் எத்தனை மாதம் ஓடியது என்று ஒரு பத்தி இருக்கிறது. முதலில் யோசிக்காமல் அதையும் உள்ளீடாகக் கொடுத்துவிட்டேன். மாடல் பிரமாதமாக வந்தது. அப்புறம்தான் உறைத்தது: வேலை முடிந்த பிறகு தெரியும் எண் அது. எஸ்டிமேட் கேட்கும் நாளில் யார் கையிலும் இருக்காது. அந்தப் பத்தியை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன், பிழை ஏறியது. இனி எந்தப் பேப்பரைப் படித்தாலும் உள்ளீடுகளின் பட்டியலை விடாமல் பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

இன்று முழுக்க, மதிப்பீடு எவ்வளவு தப்பியது என்று அளக்கும் எம்எம்ஆர்இ (MMRE) என்ற அளவுகோலோடு போனது. நிஜ உழைப்புக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிஜ உழைப்பால் வகுத்து, எல்லா புராஜெக்ட்களுக்கும் சராசரி எடுப்பது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி. 12 மாத வேலையை 6 என்று சொன்னால் பிழை 0.5. அதையே 24 என்று சொன்னால் பிழை 1. இரண்டுமே இரு மடங்கு தப்பு. குறைத்துச் சொன்னவருக்குப் பாதித் தண்டனைதான். எவ்வளவு குறைத்தாலும் பிழை 1-ஐத் தாண்டாது, கூட்டிச் சொன்னால் உச்சவரம்பே கிடையாது. ஆக, இந்த அளவுகோலில் குறைத்துச் சொல்லும் மாடலுக்குத்தான் நல்ல மார்க். ஃபாஸ், ஸ்டென்ஸ்ருட், கிச்சன்ஹாம், மிர்ட்வெய்ட் நால்வரும் 2003-லேயே சிமுலேஷன் செய்து இதைக் காட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகும் இதை வைத்தே வெற்றி சொல்லும் பேப்பர்கள் வந்துகொண்டிருப்பது மனசை அறுக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் 6 மாதம் என்று வாடிக்கையாளரிடம் ஒப்புக்கொண்ட வேலை 12 மாதம் இழுத்தது. எங்கள் டீமில் ஒரு பெண் கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, கடைசி மூன்று மாதமும் இரவு பதினொன்றுக்குக் குறையாமல் இருந்தாள். குறைத்துச் சொல்லும் எண்ணை அவளைப் போன்றவர்கள்தான் தூக்கத்தைக் கொடுத்து ஈடுகட்டுகிறார்கள். அதற்கு 0.5 என்று மார்க் போடும் அளவுகோலை என்னால் ஏற்க முடியவில்லை.

2025 பிப்ரவரி 15, சனி

ஷெப்பர்ட், மெக்டோனல் இருவரும் 2012-இல் எழுதியதைப் படித்து முடித்தேன். அவர்கள் கேட்பது எளிய கேள்வி. பழைய புராஜெக்ட்களில் ஒன்றைக் கண்ணை மூடி எடுத்து, அதன் உழைப்பையே புதியதற்கும் சொன்னால் எவ்வளவு பிழை வரும்? உங்கள் மாடல் அதைவிட எவ்வளவு மேல்? குருட்டாம்போக்கைத் தாண்டியதை முதலில் காட்டு, பிறகு மற்ற மாடல்களோடு போட்டி போடு என்கிறார்கள். இந்தத் துறையில் நான் படித்தவற்றுள் மிகவும் பிடித்தது இதுதான்.

2025 பிப்ரவரி 23, ஞாயிறு

ஸ்டோரி பாயிண்ட் பக்கம் வந்தேன்; ஒரு சிறு வேலை எவ்வளவு பெரியது என்று டீம் தோராயமாகப் போடும் எண் அது. டீப்-எஸ்ஈ என்ற ஆழ்கற்றல் மாடல், 16 ஓப்பன் சோர்ஸ் புராஜெக்ட்களின் 23,313 இஷ்யூக்களில் (செய்ய வேண்டிய வேலை பற்றிய பதிவுகளில்) தலைப்பையும் விவரத்தையும் படித்து பாயிண்ட் சொல்கிறது. 15 வரிசைகளிலிருந்து இங்கே வந்தால் மூச்சு விட இடம் கிடைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் டவோசி, மூசா, சாரோ மூவரும் அதை மறுபடி செய்து பார்த்திருக்கிறார்கள். வெறும் இடைநிலை மதிப்பைச் சொல்வதை அது தெளிவாக முந்துவது மிகச் சில இடங்களில்தான். செய்ததையே திரும்பச் செய்து சரிபார்ப்பதற்குப் பெரிய பெயர் கிடைக்காது. அவர்கள் செய்திருக்கிறார்கள், நன்றி.

இரவு என் அட்டவணையில் மூன்று பத்திகள் சேர்த்தேன்: குருட்டு ஊகத்தோடு ஒப்பிட்டார்களா, எஸ்டிமேட் நாளில் தெரியாத எண் உள்ளே நுழைந்ததா, மாடல் குறைத்துச் சொல்கிறதா கூட்டிச் சொல்கிறதா. மூன்றாவது பத்தியை நிரப்பத் தேவையான விவரம் பல பேப்பர்களில் இல்லை. அவற்றின் டேட்டா கிடைக்கும் இடங்களில் நானே ஓட்டிப் பார்க்கலாமா என்று நாளை கைடிடம் கேட்க வேண்டும்.