நீங்கதானே அம்மான் சொன்னீங்க

"ரெண்டு என்ஜினும் ஒரே நேரத்துல நிக்காதுடா."

இதைச் சொன்னது நான். 2025 ஜூன் 12, வியாழக்கிழமை ராத்திரி, கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு வளவில், பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே சொன்னேன். அன்று மதியம்தான் அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்திருந்தது. மறுநாள் அப்பச்சிக்கு, அதாவது என் அப்பாவுக்கு, எழுபதாம் வயதுச் சாந்தி என்பதால் வீடு நிறைய ஆட்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டார்கள். வீட்டில் ஒரு விமானி இருக்கும்போது அவர்கள் வேறு யாரிடம் கேட்பார்கள்? போன் கைமாறிக்கொண்டே இருந்தது. மூக்கைத் தூக்கியபடியே மெல்ல இறங்கி, கட்டடங்களுக்குப் பின்னால் மறைந்து, தீயாக எழுந்த அந்த வீடியோவை அன்று முப்பது தடவையாவது பார்த்திருப்பேன்.

பார்த்துவிட்டு, "பிளாப்ஸ் மாதிரிதான் தெரியுது" என்றேன். கேட்டவர்களுக்குப் புரியட்டும் என்று இலைக்குப் பக்கத்தில் கையை வைத்து விளக்கவும் செய்தேன். விமானம் தரையை விட்டுக் கிளம்பியதும் ஓட்டுகிற விமானி 'கியர் அப்' என்பார், பக்கத்தில் இருப்பவர் சக்கரத்துக்கான லீவரைத் தூக்குவார், அதற்குப் பதிலாகக் கை தவறி, தூக்குவிசைக்காக இறக்கையின் பின்விளிம்பில் நீட்டியிருக்கும் பிளாப்ஸை உள்ளே இழுக்கிற லீவரைத் தூக்கிவிட்டால் இறக்கையின் தூக்குவிசை அந்த வேகத்தில் போதாது, இப்படித்தான் இறங்கும். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆச்சி மகன், அதாவது என் அக்கா பையன், மட்டும் கேட்டான். "சக்கரம்கூட உள்ள போகலையே அம்மான். ரெண்டு என்ஜினும் நின்னிருந்தா?"

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவன் விடவில்லை. "ஹட்சன்ல நின்னுச்சே" என்றான், 2009-இல் நியூயார்க்கில் ஆற்றில் இறங்கிய விமானத்தை நினைத்து. "அது பறவைக் கூட்டம், இங்க ஒரு பறவையும் காணோம்" என்று முடித்துவிட்டேன். அவனும் சரி என்று எழுந்து கை கழுவப் போனான்.

அவனுக்குப் பத்தொன்பது வயது. விமானங்களைப் பற்றித் தமிழில் வீடியோ போடுகிற பையன், பன்னிரண்டாயிரம் பேர் அவனைப் பின்தொடர்ந்தார்கள். இதைச் சொன்னதும் என் கூட வேலை செய்கிறவர்களுக்கு முகம் மாறும், எனக்கே அப்போது மாறும். இந்த வீடியோக்காரர்களால் எங்களுக்குள் சேர்ந்திருக்கிற அலுப்பு வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு தரையிறக்கத்தையும் ஜன்னலோரம் ஒரு போன் பதிவு செய்கிறது. மெத்தென்று இறங்கினால் 'பட்டர் லேண்டிங்', கொஞ்சம் அழுத்தி இறங்கினால் விமானிக்கு ஓட்டத் தெரியவில்லை. மதுரையில் ஓடுதளம் ஏறத்தாழ 7,500 அடி, சென்னையின் பெரிய ஓடுதளம் 12,000 அடி. 140 நாட் வேகத்தில், அதாவது மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டரில், வருகிற விமானம், மெத்தென்று இறங்க ஆசைப்பட்டு ஒரு விநாடி கூடுதலாக மிதந்தால் 230 அடிக்கு மேல் போய்விடும். மழை பெய்து தண்ணீர் நிற்கிற ஓடுதளத்தில் சக்கரத்தை அழுத்தித்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் அது தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும், சுழலும், பிரேக் வேலை செய்யும். 2020 ஆகஸ்டில் கோழிக்கோட்டில் மழை, பின்காற்று, பாதி ஓடுதளம் தாண்டிச் சக்கரம் தொட்டது, நிற்க இடம் போதாமல் விமானம் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு விமானிகளும் சேர்த்து 21 பேர் போனார்கள். இதெல்லாம் எங்கள் மனசில் இருக்கும்போது, இறங்கிப்போகிற பயணி ஒருவர் கதவருகே நின்று, "இன்னிக்கு லேண்டிங் கொஞ்சம் ரஃப் சார், நான் நிறைய வீடியோ பார்ப்பேன்" என்பார். நன்றி சார் என்பேன். வேறு என்ன சொல்வது, பின்னால் நூற்றெழுபது பேர் நிற்கிறார்கள்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். விடியற்காலை, ஹோமத்துக்கு ஆட்கள் உட்கார்ந்துகொண்டிருந்த நேரத்தில், கூடப் பறக்கிற நண்பர் ஒருவர் ஒரு வீடியோவை அனுப்பி, "உங்க ஊர்ப் பையன் மாதிரி இருக்கே?" என்று கேட்டிருந்தார். பின்னணியில் எங்கள் வீட்டுத் தூண். 'கோ-பைலட் செய்த அந்த ஒரு தவறு' என்பது தலைப்பு. நான் இலைக்குப் பக்கத்தில் கையை வைத்துச் சொன்னதை அவன் படம் போட்டு என்னைவிட நன்றாக விளக்கியிருந்தான். முடிவில், "எங்க குடும்பத்துலயே ஒரு கேப்டன் இருக்காங்க, அவங்களும் இதைத்தான் சொன்னாங்க" என்றான். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை கேப்டன்கள் இருக்கிறார்கள்? யார் என்று கண்டுபிடிக்க ஒரு நிமிஷம் போதும்.

அவனை இரண்டாம் கட்டுக்குக் கூட்டிப்போனேன். சமையல் ஆட்கள் இருந்தார்கள், குரலை அடக்கித்தான் ஆரம்பித்தேன்.

"அதை எடுத்துரு."

"ஏன் அம்மான்?"

"செத்தவங்க வீட்டுல இதைப் பாப்பாங்கன்னு ஒரு நிமிஷம் நெனச்சியா? அந்தக் கோ-பைலட் பையனுக்கும் அப்பா அம்மா இருப்பாங்கள்ல?"

அவன் முகம் சுருங்கியது. அதோடு நிறுத்தியிருந்தால் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவன் மெதுவாக, எதிர்த்துப் பேசுகிற தொனியே இல்லாமல், "நீங்கதானே அம்மான் சொன்னீங்க" என்றான்.

"வீட்டுல சொன்னது அது."

"வீட்டுல சொன்னா நெசம், வெளியில சொன்னா தப்பா?"

எனக்குக் குரல் ஏறிவிட்டது. என்னென்ன சொன்னேன் என்பது முழுக்க நினைவில்லை, நினைவிருப்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. 2021-இல் கலிபோர்னியாவில் ஒருவர் வீடியோவுக்காகவே தன் சிறிய விமானத்தைக் கைவிட்டுப் பாராசூட்டில் குதித்தார், அது மலையில் போய் விழுந்தது, பிறகு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தக் கதையைச் சொல்லி, "நீங்க எல்லாம் அந்த ஜாதிதான்" என்றேன். பள்ளிக்கூட நாளிலிருந்து செட்டிநாட்டுப் பழைய ஓடுதளத்தை, உலகப்போர்க் காலத்தில் போட்டதை, சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பையனிடம் சொன்னேன்.

அவன் கடைசியாகச் சொன்னது இது: "உங்கள மாதிரி ஆளுங்க பேச மாட்டீங்க. பேசுறவங்களையும் பேசாதேங்குறீங்க. அப்ப ஜனங்க யாரைத்தான் அம்மான் கேப்பாங்க?"

ஆச்சி வந்து, "தம்பி, ஐயர் கூப்பிடுறார், இங்க என்ன?" என்றாள். போய்விட்டோம்.

எனக்கு நானே பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். விபத்தைப் பற்றிப் பேச எங்களுக்கு நிறுவனத்தின் அனுமதி கிடையாது, அது பொதுவான விதி, எல்லா இடத்திலும் இருப்பது. விசாரணை என்பது பழி சுமத்துவதற்கல்ல, இன்னொரு விபத்து நடக்காமல் தடுப்பதற்கு என்று சர்வதேச விதியான அனெக்ஸ் 13 சொல்கிறது, அதைப் பரீட்சைக்கு எழுதித் தேறியவன் நான். முதல்கட்ட அறிக்கைக்கு முப்பது நாள் ஆகும், அதுவரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் தொழில் தர்மம். இதெல்லாம் சரி. ஆனால் நான் மூடிக்கொண்டிருக்கவில்லையே. என் தொழில்காரர்களும் மூடிக்கொண்டிருக்கவில்லை. அந்தப் பிளாப்ஸ் கதை எனக்கு வந்தது எந்த வீடியோக்காரரிடமிருந்தும் இல்லை, எங்கள் விமானிகள் வாட்ஸாப் குழுவிலிருந்து, விபத்து நடந்து இரண்டு மணி நேரத்துக்குள். நான் ஓட்டுவது ஏர்பஸ் ஏ320, விழுந்தது போயிங் 787. 787-இன் காக்பிட்டில் உட்கார்ந்ததுகூட இல்லை. அதையாவது அன்று ராத்திரி பந்தியில் சொல்லியிருக்கலாம்.

வீட்டுக்குள் சொல்வதற்கும் ஊருக்குச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு என்று இன்னமும் நம்புகிறேன். டாக்டர் வீட்டில் பேசுவதும் அப்படித்தான். ஆனால் அந்தப் பந்தியில் நாற்பது பேர் இருந்தார்கள், நாற்பது பேரும் ஊருக்குத் திரும்பிப்போய், கேப்டனே சொன்னார் என்று சொல்லியிருப்பார்கள். அவன் மட்டும் கேமராவில் சொன்னான், அதனால் அகப்பட்டான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவனிடம் செத்தவர்களின் வீட்டைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் நண்பர் அனுப்பியதைத் திறந்து, 'எங்க குடும்பத்துலயே ஒரு கேப்டன்' என்பது காதில் விழுந்தபோது முதலில் நினைவுக்கு வந்தது என் வேலை. செத்தவர்கள் அதற்கப்புறம்தான் வந்தார்கள். எவ்வளவு நேரம் கழித்து என்று யோசித்திருக்கிறேன். வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு நடக்கிற நேரம் இருக்கலாம். அதற்காக அவர்களைப் பற்றிச் சொன்னது பொய்யாகிவிடாது, ஆனாலும் அந்த வரிசை எனக்குத் தெரியும்.

ஜூலை 12 விடியுமுன் முதல்கட்ட அறிக்கை வெளிவந்தது, 15 பக்கம். பிளாப்ஸ் லீவர் புறப்பாட்டுக்குரிய 5 டிகிரி நிலையிலேயே இருந்தது. கிளம்பிய சில விநாடிகளில் இரண்டு என்ஜின்களுக்குமான எரிபொருள் சுவிட்சுகள் ஒரு விநாடி இடைவெளியில் அடுத்தடுத்து 'ரன்'னிலிருந்து எரிபொருளை நிறுத்துகிற 'கட்ஆஃப்'புக்குப் போயிருக்கின்றன, இரண்டு என்ஜின்களும் விசை இழந்திருக்கின்றன. ஏன், எப்படிப் போயின என்று அறிக்கை சொல்லவில்லை. அப்புறம் ஒரு வரி: அன்று விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவர் கோ-பைலட், தலைமை விமானிதான் கவனித்துக்கொண்டிருந்தவர். அதாவது, எங்கள் கதைப்படியே வைத்துக்கொண்டாலும், லீவரைத் தூக்க வேண்டியவர் கோ-பைலட் இல்லை. 'கோ-பைலட் செய்த தவறு' என்று தலைப்பு வைக்கும் துணிச்சலை அவனுக்குக் கொடுத்தது என் விளக்கம்தான். 'பக்கத்தில் இருப்பவர்' என்று நான் சொன்னபோது என் மனசிலும் இளையவர்தான் இருந்தார், ஏன் என்று கேட்டால் காரணம் கிடையாது.

காக்பிட் குரல்பதிவில், ஏன் கட்ஆஃப் செய்தாய் என்று விமானிகளில் ஒருவர் கேட்கிறார், நான் செய்யவில்லை என்று மற்றவர் சொல்கிறார், கேட்டது யார் சொன்னது யார் என்று அறிக்கையில் இல்லை. அதை வைத்துக்கொண்டு மறுநாளிலிருந்து வீடியோக்கள் வந்தபடி இருந்தன, குரலைப் பிரித்து ஆள் சொன்னார்கள், மனநிலையைச் சொன்னார்கள், குடும்பத்தைச் சொன்னார்கள். முதலில் கோ-பைலட், இப்போது தலைமை விமானி. அவருடைய முதிய தந்தை சுதந்திரமான விசாரணை கேட்டு உச்சநீதிமன்றம் வரை போனார். 2025 நவம்பரில் நீதிமன்றம் அவரிடம், உங்கள் மகன்மேல் யாரும் பழி சொல்ல முடியாது என்ற பொருளில் ஆறுதல் சொன்னதைச் செய்தியில் படித்தேன். அந்த வயதில் ஒரு தகப்பன் அதை ஒரு நீதிபதி வாயால் கேட்க வேண்டியிருந்திருக்கிறது. இதை நினைக்கும்போது அன்று அவனை அதட்டியது சரிதான் என்று மறுபடி தோன்றுகிறது. கொஞ்ச நேரத்தில், அதட்டியிருக்க வேண்டியது அவனையா என்றும் தோன்றிவிடுகிறது.

அறிக்கை வந்த அன்று காலை அவன் எனக்கு அதன் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பினான், பிளாப்ஸ் லீவர் படம் இருக்கிற பக்கம். கூட ஒரு வார்த்தை கிடையாது. நான்தானே முதலில் கேட்டேன் என்று அவன் எழுதியிருக்கலாம், எழுதவில்லை. நானும் பதில் போடவில்லை. ஆச்சியிடம் பேசும்போது அவனைக் கேட்பேன், படிக்கிறான் என்பாள்.

அவன் அன்று அந்த ஒரு வீடியோவை மட்டும் எடுக்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டான். எனக்கு அது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அதில் மூன்று நிமிஷ வீடியோ ஒன்று இருந்தது. மழையில் விமானம் ஏன் அழுத்தி இறங்குகிறது என்பதைப் பற்றி. வளவு ஓரத்து ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டி, ரப்பர் செருப்பை மெல்ல வைத்தால் வழுக்கிக்கொண்டு போவதையும், ஓங்கி வைத்தால் பிடித்துக்கொண்டு நிற்பதையும் காட்டியிருந்தான். அந்த வீட்டில் மழை நாளில் வழுக்கி விழாதவர்கள் யாரும் இல்லை, பார்த்த உடனே புரியும். என் பயணிகளுக்கு நான் பதினான்கு வருஷமாகச் சொல்ல முடியாதது. அதை அவன் போட்ட புதிதில் ஒரு தடவை பார்த்தேன், நல்லா இருக்குடா என்று சொல்ல நினைத்து, அப்போது ஏதோ வேலை, சொல்லவில்லை.