அடிமையாக வந்தவர், ஆயராகத் திரும்பியவர்: பத்திரிசியாரின் அயர்லாந்தில்

மார்ச் 17 வந்துவிட்டால் பச்சை உடையும் பச்சைத் தொப்பியுமாக நகரங்கள் களைகட்டுகின்றன. சிகாகோவில் ஆற்றுக்கே பச்சைச் சாயம் கலக்கிறார்கள். அந்த நாளுக்குரிய புனிதர், தமிழ்க் கத்தோலிக்கர் பத்திரிசியார் என்று அழைக்கும் செயிண்ட் பேட்ரிக், அயர்லாந்து மண்ணில் முதன்முதலில் கால் வைத்தது மறைபரப்ப அல்ல. கொள்ளையரால் பிரிட்டனிலிருந்து கடத்தப்பட்ட பதினாறு வயது அடிமையாகவே அவர் அங்கே வந்து சேர்ந்தார். வட அயர்லாந்தில் அவர் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் இடங்களைக் காணச் சென்றபோது, ஐந்தாம் நூற்றாண்டில் அவர் லத்தீனில் எழுதி இன்றுவரை எஞ்சியிருக்கும் இரண்டே ஆவணங்களின் மொழிபெயர்ப்பைக் கையோடு எடுத்துச் சென்றேன்.

பாலிமீனா நகருக்குக் கிழக்கே, மேய்ச்சல் நிலங்களுக்கு நடுவே தனித்து எழும் ஸ்லெமிஷ் மலையின் உயரம் 437 மீட்டர்தான். அணைந்துபோன எரிமலையின் வாயில் உறைந்த பாறையாதலால் ஏற்றம் செங்குத்தானது. கடைசிப் பகுதியில் ஈரப் பாறைகளைக் கையால் பற்றியே ஏற வேண்டியிருந்தது. இங்கேதான் அவர் ஆறு ஆண்டுகள் ஆடு மேய்த்தார் என்பது ஏழாம் நூற்றாண்டில் அவருடைய வரலாற்றை எழுதிய முயிர்கூ வழியாக வந்த மரபு. 'கன்ஃபெஸ்ஸியோ' எனப்படும் தன்வரலாற்று அறிக்கையில் பத்திரிசியார் பெயர் சொல்லும் ஒரே அயர்லாந்து இடம் மேற்குக் கடலோரத்து ஃபோக்லட் காடு. ஆயினும், பனியிலும் மழையிலும் விடியுமுன் எழுந்து, பகலில் நூறு செபம், இரவிலும் ஏறக்குறைய அத்தனை என்று வேண்டியதாக அவர் எழுதும் வரிகளை, நிற்கவிடாமல் தள்ளும் அந்த மலைக்காற்றில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவருடைய தந்தை திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருப்பணியாளர்), பாட்டனார் குரு (பாதிரியார்). இருந்தும், கடவுளை அறியாதவனாகவே வளர்ந்ததாக அவர் ஒளிக்காமல் சொல்கிறார். பின்னர் ஏறத்தாழ 200 மைல் தப்பி நடந்து கப்பலேறியவர், ஊர் சேர்ந்து சில ஆண்டுகளானபின், தம்மை அடிமைப்படுத்திய மக்களிடமே ஆயராக (பிஷப்பாக) திரும்பினார்.

பெல்ஃபாஸ்டிலிருந்து பேருந்தில் டவுன்பேட்ரிக் போய்விடலாம். அங்கே குன்றின் மேலுள்ள பேராலய முற்றத்தில் அவருடைய கல்லறை என்று மரபு காட்டும் இடத்தை, சிலுவையும் பெயரும் செதுக்கிய பெரிய கிரானைட் கல் ஒன்று மூடியிருக்கிறது. அடியவர்கள் கல்லறை மண்ணைப் பிடிபிடியாக அள்ளிச் சென்றதால், அதைக் காக்க 1900-இல் வைக்கப்பட்ட கல் அது.

இரண்டாவது ஆவணமான, கொரோட்டிகஸ் என்ற சிற்றரசனின் படைவீரர்களுக்கு எதிரான கடிதத்தை அந்த முற்றத்தில் அமர்ந்து மீண்டும் படித்தேன். திருமுழுக்கின் வெண்ணாடை களையாத, நெற்றியில் பூசிய திருத்தைலத்தின் மணம் மாறாத புதுக் கிறிஸ்தவர்களில் சிலரை அவ்வீரர்கள் வெட்டிக் கொன்று, மற்றவர்களைச் சிறைபிடித்துச் சென்றனர். மறுநாளே தாம் சிறுவயது முதல் வளர்த்த குரு ஒருவரைப் பத்திரிசியார் அனுப்பி, சிறைப்பட்டவர்களை விடுவிக்கக் கேட்டபோது எள்ளிநகையாடினர். அதன் பிறகு எழுந்ததே இந்தக் கடிதம். பிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தாரிடம் சிக்கியவர்களை ஆயிரக்கணக்கான பொற்காசு கொடுத்து மீட்கிறார்கள் கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பகுதி) நாட்டுக் கிறிஸ்தவர்கள். நீங்களோ கிறிஸ்தவர்களையே கொன்று விற்கிறீர்கள் என்று அது சாடுகிறது. பிடித்தவர்களை விடுவித்து மனந்திரும்பும்வரை அவர்களோடு உண்ணவோ குடிக்கவோ கூடாது என்று இறைமக்களுக்குக் கட்டளையிடுகிறது. அடிமைப்பட்ட பெண்களே மிகுந்த துன்பம் படுகிறார்கள் என்று கன்ஃபெஸ்ஸியோவிலும் எழுதியவர் அவர். அடிமைச் சங்கிலியின் கனம் தெரிந்த ஒருவரால் மட்டுமே இப்படி எழுத முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பாம்புகளை அவர் விரட்டினார் என்ற கதைக்கு இவ்விரு ஆவணங்களிலும் இடமில்லை. பனியுகத்துக்குப் பின் அந்தத் தீவைப் பாம்புகள் எட்டவே இல்லை. அங்கே பாம்பில்லை என்பதைப் பத்திரிசியாருக்கு முன்பே ரோமானிய எழுத்தாளர் சோலினஸ் குறித்திருக்கிறார். மூவிலைத் தழையைக் காட்டி தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளை விளக்கினார் என்பதும் பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கதையே. இக்கதைகள் அடிமை வாழ்வையும் கடிதத்தின் சீற்றத்தையும் மறைத்துவிடுவதுதான் எனக்கு வருத்தம்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகம் பாதுகாக்கும் அர்மா நூல் என்ற பழைய கைப்பிரதி, ஃபெர்டோம்னாக் என்ற எழுத்தர் 807-ஆம் ஆண்டளவில் படியெடுத்தது. அதில் கன்ஃபெஸ்ஸியோ சுருக்கப்பட்ட வடிவில் உள்ளது. கொரோட்டிகஸ் கடிதம் இல்லை. அயர்லாந்துக்கு வெளியே பிற்காலத்தில் படியெடுக்கப்பட்ட கைப்பிரதிகள் வழியாகவே அது நமக்குக் கிடைத்திருக்கிறது.