நிர்வாகி வேண்டுகோளில் நான் பார்ப்பது

தமிழ் விக்கிப்பீடியாவில் நிர்வாகி என்றதும், எந்தக் கட்டுரை வரலாம், எது வரக்கூடாது என்று முடிவு செய்கிற ஆள் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் கட்டுரையில் என்ன எழுதுவது என்ற விஷயத்தில் நிர்வாகியான எனக்கும் நேற்று கணக்குத் தொடங்கியவருக்கும் ஒரே உரிமைதான். எனக்குக் கூடுதலாக இருப்பவை சில கருவிகள். பக்கத்தை நீக்கலாம், நீக்கியதை மீட்கலாம், பூட்டலாம், விஷமம் செய்கிற கணக்கைத் தடுக்கலாம். சம்பளம் கிடையாது. செய்வதெல்லாம் பதிகையில், அதாவது எல்லோருக்கும் தெரிகிற செயல் பட்டியலில், ஏறிவிடும். யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்து ஏன் என்று கேட்கலாம், கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

வேலை பெரும்பாலும், புதிதாக நடந்த திருத்தங்களை வரிசையாகக் காட்டும் 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தில்தான். நடிகரின் பிறந்த ஆண்டை ரசிகர் மாற்றியிருப்பார். சாதிக் கட்டுரைகளில் ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் அழிப்பார், அவர் அழித்ததை முதலாமவர் திரும்பச் சேர்ப்பார். சில நாள் பக்கத்தைப் பூட்டிவிட்டு, பேச்சுப் பக்கத்துக்கு (கட்டுரையைப் பற்றி விவாதிக்கும் பக்கம்) வாருங்கள் என்று இருவரையும் அழைப்போம். கணக்கில்லாமல் ஐ.பி. முகவரியிலிருந்து விஷமம் வந்தால் இன்னும் கவனம் தேவை. கைபேசி நிறுவனங்களின் ஒரே முகவரிக்குப் பின்னால் எத்தனையோ பேர் இருப்பார்கள். ஒரு பள்ளியின் கணினி அறை முழுக்க ஒரே முகவரியில் இருக்கலாம். ஒரு பையன் செய்த குறும்புக்காக மொத்தப் பள்ளிக்கும் மாதக்கணக்கில் கதவைச் சாத்தக்கூடாது. ஒரு நாள் தடையே பெரும்பாலும் போதும்.

2017இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியா பயிற்சி நடந்தது. தமிழ் விக்கிப்பீடியா 1 லட்சம் கட்டுரைகளைத் தாண்டியதும் அந்த ஆண்டில்தான். புதியவர்கள் கூட்டமாக வந்தபோது ஒரு ஆசிரியை தன் ஊர்க் கோயிலைப் பற்றி எழுதினார். பாதி வேறொரு தளத்திலிருந்து எடுத்து ஒட்டியது, மேற்கோள் ஒன்றுகூட இல்லை. விதிப்படி பார்த்தால் நீக்க வேண்டிய பக்கம், நீக்கல் வார்ப்புருவும், அதாவது நீக்கச் சொல்லும் அறிவிப்பும், விழுந்துவிட்டது. அப்போது நிர்வாகியாக இல்லாத ஒரு பயனர் என்ன செய்தார் தெரியுமா? ஒட்டிய பகுதியை மட்டும் எடுத்துவிட்டு, கல்வெட்டுப் பற்றி அந்த ஆசிரியை தானே எழுதியிருந்த நான்கு வரிகளை வைத்துக்கொண்டார். ஆசிரியையின் பேச்சுப் பக்கத்தில், "வணக்கம், இந்தக் கல்வெட்டுத் தகவல் நன்றாக இருக்கிறது. எந்த நூலில் பார்த்தீர்கள்? சொன்னால் மேற்கோளாகச் சேர்க்க நான் உதவுகிறேன்" என்று எழுதினார். நூலின் பெயர் மறுநாளே வந்தது. அந்த ஆசிரியை இன்றும் எழுதுகிறார். அந்தப் பயனரைத்தான் பிறகு நிர்வாகியாக முன்மொழிந்தோம்.

முன்மொழிவது என்றால், வேண்டுகோள் பக்கத்தில் ஒருவர் பெயரை எழுதுவோம், அவர் சம்மதம் சொல்வார், மற்றவர்கள் ஆதரவோ எதிர்ப்போ காரணத்தோடு தெரிவிப்பார்கள். அங்கே பலர் முதலில் பார்ப்பது தொகுப்பு எண்ணிக்கையை, அதாவது அவர் எத்தனை திருத்தங்கள் செய்திருக்கிறார் என்பதை. எனக்கு அது இரண்டாம் பட்சம். ஆயிரக்கணக்கில் தொகுத்தவர்களில் சிலருக்கு, தன் வரியை ஒருவர் மாற்றிவிட்டால் பொறுக்காது. நான் திறந்து பார்ப்பது முன்மொழியப்பட்டவர் தோற்றுப்போன விவாதங்களை. தன் கருத்து ஏற்கப்படாத பிறகு அந்தக் கட்டுரைக்குத் திரும்பி வந்து எழுத்துப்பிழை திருத்தியிருக்கிறாரா, அல்லது அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லையா? கோபமாக வந்த புதியவருக்கு விதிப் பக்கத்தின் இணைப்பை மட்டும் வீசினாரா, இரண்டு வரி விளக்கமும் எழுதினாரா? இவை எல்லாம் பக்க வரலாற்றில் அப்படியே கிடக்கின்றன. நேர்முகத் தேர்வில் இவ்வளவு தெரியாது.

இன்னொன்றும் உண்டு. நிர்வாகி பொறுப்பு தாருங்கள் என்று வந்த சில நாட்களிலேயே கேட்பவரிடம் எனக்குத் தயக்கம் வரும். ஆசைப்படுவது தவறில்லை, ஆனால் துப்புரவு வேலையில் பெரும்பகுதியைக் கருவி இல்லாமலே செய்யலாம். அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் கருவி எதற்குத் தேவை என்று தெரியும்.

தேர்வைக் கடுமையாக்கினால் நல்லவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையும் சரியாக வருவதில்லை. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007இல் மட்டும் 400 பேருக்கு மேல் நிர்வாகி ஆனார்கள். 2021இல் பத்துப் பேர்கூட ஆகவில்லை. ஒரு வாரம் முழுக்க ஊர் பார்க்க, பழைய தொகுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கேள்வி கேட்பார்கள். தகுதியுள்ள பலர் இந்தச் சங்கடமே வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 2024இல் அங்கே இரகசிய வாக்கெடுப்பாகத் தேர்தல் நடத்திப் பார்த்தார்கள், ஒரே சுற்றில் பலர் தேர்வானார்கள். நல்ல முயற்சி என்றே நினைக்கிறேன். ஆனால் நம்மைப் போன்ற சிறிய குழுவில் எதிர்ப்பவர் காரணத்தை எழுதுவதே நல்லது. காரணம் தெரிந்தால் தேர்வாகாதவர் திருத்திக்கொண்டு அடுத்த ஆண்டு மீண்டும் வரலாம். வெறும் எண்ணிக்கையை வைத்து அவர் என்ன செய்வார்?

பொறுப்பை விடுவதைப் பற்றியும் பேச வேண்டும். விக்கிப்பீடியா உள்ளிட்ட விக்கிமீடியா திட்டங்களில், தனி விதி வகுத்துக்கொள்ளாத இடங்களில், இரண்டு ஆண்டுகள் எதுவும் செய்யாத நிர்வாகியின் அணுக்கத்தை (நிர்வாகிக் கருவிகளைப் பயன்படுத்தும் உரிமையை) நீக்கும் வழக்கம் இருக்கிறது. அதை அவமானமாக எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பயன்படுத்தாத கணக்கின் கடவுச்சொல் யாரிடமாவது சிக்கினால் முதற்பக்கத்தையே மாற்றிவிடலாம், அந்தப் பயம்தான் இதற்குக் காரணம். திரும்பி வந்தால் மீண்டும் கேட்கலாம்.

இப்போது என் மனதில் ஒருவர் இருக்கிறார். புதிய கட்டுரை தொடங்குவது அபூர்வம், அதனால் பலருக்கு அவர் பெயரே தெரியாது. உடைந்த மேற்கோள் இணைப்புகளைத் தேடித் தேடிச் சரிசெய்கிறார், புதியவர் கேட்டால் இரவு பதினொரு மணிக்கும் பதில் போடுகிறார். அவரிடம் கேட்டுவிட்டேன். "நான் எழுதுகிறவன் இல்லையே, என்னை எதற்கு" என்றார். அவர் பதில் எழுதிய பேச்சுப் பக்கங்களின் இணைப்புகளை எடுத்து அனுப்பியிருக்கிறேன். சரி என்றால் வேண்டுகோள் பக்கத்தில் அவற்றைத்தான் முதலில் போடப்போகிறேன்.